பதினொரு மணிக்குள் ஒரு நோட்புக்

லேப்டாப் திரையில் ஒன்றுமே இல்லை. கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

குருநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினொரு மணிக்கு மனைவி சண்முகப்ரியாவுக்கு ஆன்லைனில் நேர்காணல். பெங்களூர் கம்பெனி. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, லேப்டாப்பில் புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கிற நோட்புக் என்ற மென்பொருளைத் திறந்து மெஷின் லேர்னிங் புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். அவள் படித்த படிப்புக்கு வந்த முதல் அழைப்பு.

அவனோ சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் சரிசெய்கிறவன், கட்டினவள் லேப்டாப்பில் கோட்டை விட்டால் வெளியே தலைகாட்ட முடியுமா?

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. புரோகிராம்களை ஓட்டுகிற பைத்தான் என்ற மென்பொருளைக் காணோம். அந்த லேப்டாப்பில் இருக்கிற லினக்ஸில் பாதி வேலை அதை நம்பித்தான் நடக்கிறது. அதை எடுத்தால் மெனு, ஐகான் எல்லாம் கூடவே போய்விடும்.

நேற்று நோட்புக் போடும்போது பழைய வெர்ஷனை எடுக்கிறேன் பேர்வழி என்று தான்தான் எதையோ அமுக்கித் தொலைத்திருக்க வேண்டும். தன்னையே திட்டித் தீர்த்தான்.

போனைக் கேபிளில் செருகி நெட்டை இழுத்தான். பைத்தானை ஏற்றினான். பிறகு திரைக்கு வேண்டியதை ஏற்றினான். டவர் வருவதும் போவதுமாகக் கழுத்தை அறுத்தது. அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் வேறு மண்டையைப் பிளந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ப்ரியா, போனால் போகட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த தடவையாம்!

மணி நெருங்கும்போது திரை வந்தது. நோட்புக் திறந்தது. அவள் புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தான். ஒரு பிழையும் காட்டவில்லை. போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

எழுந்து நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் அசையவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

"காலைல நாந்தான் அந்தப் பைத்தான எடுத்தேன், அத்தான். வேல கெடச்சா நீங்க கடைய விட்டுட்டு எம் பின்னால வரணும். அங்கன வந்து நீங்க என்ன செய்வீங்க?"

லேப்டாப்பில் அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்தது.

குருநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"ஏட்டி, கடைய நேத்தே பக்கத்துக் கடை மருதப்பன் அண்ணாச்சிக்கு எழுதிக் குடுத்தாச்சு. கண்ணத் தொடச்சிட்டு வந்து உக்காரு."