மெக்சிகோவில் மூன்று மாதம்

"பெரியப்பா, மெக்சிகோ எப்படி கீது?" திண்டிவனத்திலிருந்து தம்பி மகன் மணிமாறன் போனில் கேட்டான்.

"அமோகமா கீதுடா. பொண்ணு வீட்டு வாசல்லயே கடல். நானும் உன் பெரியம்மாவும் காலை நீட்டிக்கினு காத்து வாங்குறோம்" என்றார் சீனுவாசன்.

"வீடியோல வாங்களேன், கடலைப் பார்க்கலாம்."

"இங்க நடுராத்திரிடா, ஒண்ணும் தெரியாது."

பக்கத்தில் அம்சா இருமினாள்.

"பெரியம்மாவுக்கு இன்னுமா இருமல் விடல?"

"தண்ணி மாறினா அப்படித்தான். நம்ம குடும்பத்துப் பெரியவங்கள்ல முதமுதல்ல வெளிநாடு வந்தவங்க நாங்க. இருமலுக்கெல்லாம் அசருவோமா?"

"அதுவும் சரிதான். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில இருமல் மருந்து வாங்கி, உங்க பேரைச் சொல்லி வச்சிருக்கேன் பெரியப்பா. வெயில் தாழ்ந்ததும் போய் வாங்கிக்குங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

போனை வைத்துவிட்டான்.

விசா கிடையாது என்ற சேதி வந்தபோது, இருவரையும் வாழ்த்தி வழியனுப்பும் பேனர் சொந்த ஊரான கூட்டேரிப்பட்டில் ஏற்கெனவே ஏறியிருந்தது. அதை இறக்கச் சொல்ல வாய் வராமல்தான், பக்கத்துக் கடலோர ஊரான மரக்காணத்தில் இந்த வாடகை அறைக்கு வந்து ஒளிந்திருந்தார்கள்.

"என்னவாம் உங்க தம்பி மவனுக்கு?" என்றாள் அம்சா.

எப்போதும் நிமிர்ந்தே உட்காரும் சீனுவாசன், அந்த உச்சி வெயிலில் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.