பனி பார்க்கப் போனவளுக்குப் பிணை

“வெளிநாடு போறவங்க திரும்பி வராம அங்கேயே தங்கிட்டா என்ன பண்ணுவாங்க அத்தை?” என்று அமலோற்பவத்தின் தம்பி மகள் ஒருமுறை கேட்டாள். அதற்காகத்தான் சுற்றுலா விசாவுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பும்வரை பிணை நின்றவர் தன் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. அவர் பெயரை யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

மாடிவீட்டு மெகருன்னிசாவுக்குப் பனி பார்க்க ஆசை. பிணைக்குத்தான் ஆளில்லை, நாளையோடு கெடு முடிகிறது.

“தங்கச்சி ஊட்டிக்குப் போவணுமாம், கொழுந்தன் குற்றாலம் போவணுமாம். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து பனி பாத்துக்கறேன் அக்கா” என்று லிஃப்டில் சிரித்தவள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் அமலோற்பவம் காய்ச்சலில் கிடந்தபோது, வாசலில் தினமும் சூடான கஞ்சியை வைத்தவள் அவள்தான். மணியடித்துவிட்டு ஓடிவிடுவாள், நன்றி சொல்லக்கூட விட்டதில்லை.

வரும் வாரம் வேளாங்கண்ணித் திருவிழா. அமலோற்பவம் ஓர் ஆண்டும் அங்கே போகத் தவறியதில்லை. ஆனாலும் விசா அலுவலகத்துக்குத் தனியே போய்ப் பிணைப் பத்திரத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

“எந்தப் புண்ணியவானோ நின்னுட்டாங்க அக்கா!” என்று மறுநாள் மெகருன்னிசா குதித்தாள்.

“மொதல்ல ஸ்வெட்டர் வாங்குடி” என்றாள் அமலோற்பவம்.

கொடியேற்றத்தன்று எல்லோரும் வேளாங்கண்ணிக்குப் போய்விட, தெருமுனையில் மாதா சிலை வைத்த சிறு கெபியில் ஆளில்லை. அமலோற்பவம் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, “அவ வழுக்கி விழாமப் பாத்துக்கம்மா” என்று வேண்டிக்கொண்டாள்.