நைனா வாங்கித் தந்த செருப்பு

“பொண்ணுக்கு எதுக்குங்க இந்தக் குதிகால் செருப்பு?” என்றாள் ஜெயம்மா.

“பின்ன, யுத்த ஆபீசுக்கு வெறுங்காலோட போவாளா?” என்றார் கஜபதி.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாளில், மகள் தேவகி அரக்கோணம் யுத்த ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு மனுப் போட்டதும், அவரே மதராசுக்குப் போய் வாங்கி வந்த செருப்பு அது. அவள் தடுமாறித் தடுமாறி நடந்து பழகியபோது கையைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். திருத்தணியில் வேறு எந்த அப்பா இப்படிச் செய்வார் என்று தேவகி பூரித்துப் போனாள்.

அரக்கோணம் ஆபீசில் அவள் டைப் அடித்த வேகத்தை அதிகாரியம்மா வாய்விட்டுப் பாராட்டினாள். ஆனால் வேலை தரவில்லை.

சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷனில் கஜபதி காத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா சொன்னாங்க?”

“இல்லைன்னுட்டாங்க நைனா.”

“போவட்டும் விடு. அவங்களுக்குக் குடுத்துவைக்கலை. நான் இருக்கறப்போ எதுக்கு அழுதுகினு இருக்கே?”

தேவகி கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை நீட்டினாள். அதிகாரியம்மா மனசு கேட்காமல் அவளிடமே கொடுத்துவிட்டிருந்தாள். அது கஜபதியின் கையெழுத்து.

‘என் மகளுக்கு வேலை தர வேண்டாம். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் முடிவு செய்திருக்கிறேன். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். தாங்களே இல்லையென்று சொல்லி அனுப்பிவிடவும்.’