உறுமும் மோட்டார்

“மோட்டரு உறுமுது நானா. உறுமுதே ஒழிய சுத்த மாட்டேங்குது,” என்றான் சிவசாமி. “கொஞ்ச நேரம் விட்டா பொகை வேற வருது.”

ஹட்டன் டவுனில் மிளகாய் மில் வைத்திருந்த மர்சூக் நானா தாடியைத் தடவிக்கொண்டார். “எங்க வாங்கின மோட்டர்?”

“தேயிலத் தோட்டத்து பெக்டரியில கழிச்சுப் போட்டது. அங்க நல்லா ஓடுனத நானே பார்த்திருக்கேன்.”

“பெக்டரிக்கு மூணு லைன் கரண்ட். அந்த மோட்டர் அதுக்குச் செஞ்சது. மஸ்கெலியாவில உங்கட கடைக்கு?”

“ஒரே லைன்தான். ஆனா இங்கயும் ஒரே லைன்தானாமே நானா? ஒங்க மோட்டரும் பெக்டரி மோட்டருதானாமே? இது மட்டும் எப்படி ஓடுது?”

நானா பேச்சை மாற்றினார். சிவசாமிக்குப் பின்னால் தும்மிக்கொண்டு நின்ற அவன் மனைவி வீரம்மாவைப் பார்த்தார். “தங்கச்சி, ஏன் மொளகாத் தூளுக்குள்ள நிக்கிறீங்க? உள்ளுக்குப் போங்க. எங்கட பொஞ்சாதி ரம்லா இருக்கா.”

மில்லுக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர். அரைக்கும் மெசின் இந்தப் பக்கம், மோட்டார் அந்தப் பக்கம்; சுவரில் வெட்டிய ஓட்டை வழியாக பெல்ட் வந்தது. மிளகாய்த் தூள் மோட்டாருக்கு ஆகாதாம். வீரம்மா உள்ளே போனாள். அவள் பின்னாலேயே சிவசாமியும் ஒரு கால் எடுத்து வைத்தான்.

“அது பொம்பளைகள் இருக்கிற எடம் தம்பி,” என்றார் நானா. அதற்கு மேல் கால் போகுமா? நின்றுவிட்டான்.

வீரம்மாவின் சங்கிலியை விற்றுத்தான் அவன் தன் மோட்டாரை வாங்கியிருந்தான். தோட்டத்து வேலையும் வேண்டாமென்று பேரை வேறு வெட்டிக்கொண்டு வந்துவிட்டான். கடையில் போட்ட புது மில் ஓடாவிட்டால் பழையபடி தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

“ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க நானா. கண்ணால பார்த்துக்கிறேன்.”

நானா பலகைச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினார். ‘பிஸ்மில்லாஹ்’ என்று சத்தமாகச் சொல்லி சுவிட்சைப் போட்டார். உள்ளே மோட்டார் உறுமியது. சிவசாமியின் தூக்கத்தைக் கெடுத்த அதே உறுமல்தான். பிறகு என்ன மாயமோ, பெல்ட் அசைந்தது, விறுவிறுவென்று ஓடியது.

ஆனால் பின்பக்கமாக ஓடியது.

நானாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். படக்கென்று சுவிட்சை அணைத்தார். “புது ஆள் நிக்கிறதால அதுக்கு வெக்கம்,” என்று சமாளித்தார். பெல்ட் நின்றதும் முன்னைவிடப் பலமாகத் தட்டினார். மறுபடி பிஸ்மில்லாஹ், மறுபடி சுவிட்சு, மறுபடி உறுமல். இந்தத் தடவை பெல்ட் ஒழுங்கான பக்கம் ஓடியது.

“இவ்வளவுதானா நானா?”

“இவ்வளவுதான் தம்பி.”

மனுஷன் எதையோ மறைக்கிறார் என்று சிவசாமிக்குத் தெரிந்தது. எதை என்றுதான் தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், “ஏங்க, அந்த மோட்டரு இருக்கே…” என்று வீரம்மா ஆரம்பித்தாள்.

“மெசின் சமாச்சாரம் ஒனக்கு என்னா தெரியும்? சும்மா வா.”

அவளும் சும்மாவே வந்தாள்.

மறுநாள் காலையில் சிவசாமி தன் கடைச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினான். அவங்க சாமி அவங்களுக்கு, நம்ம சாமி நமக்கு என்று நினைத்துக்கொண்டு, “முருகா” என்று சொல்லி சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது. உறுமிக்கொண்டே நின்றது. இன்னும் பலமாகத் தட்டிப் பார்த்தான். கருகல் வாசம்தான் வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் தலையில் கையை வைத்து உட்கார்ந்தான்.

“வித்துருவோம் புள்ள. தோட்டத்துக்கே போயி மறுபடி பேரு பதியச் சொல்லிக் கேக்குறேன்.”

வீரம்மா சேலையை இழுத்துச் செருகினாள். மூலையில் கிடந்த கயிற்றை எடுத்து, பம்பரத்துக்குச் சுற்றுவது போல மோட்டாரின் சக்கரத்தில் சுற்றினாள்.

“இப்ப சுவிட்சப் போடுங்க.”

போட்டான். மோட்டார் உறுமியது. அவள் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தாள். சக்கரம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது.

சிவசாமி கிட்டே ஓடி வந்தான். “இத ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“ரம்லா அக்காதான். நானா செவுத்துல தட்டுனா, அக்கா அந்தப் பக்கம் இருந்து கயித்த இழுக்கணும். தெனமும் நடக்குறது அதான். நேத்து அவங்க கையெல்லாம் ரொட்டி மாவு, ‘நீ இழு தங்கச்சி’ன்னாங்க,” என்றாள் வீரம்மா. “மொத தடவ நான்தாங்க தெரியாம மறுபக்கமா சுத்தி இழுத்துட்டேன்.”