சதுப்பில் சுற்றும் முள்

பின்லாந்தின் வடகோடியில், லாப்லாந்துச் சதுப்பின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது. கார் நிற்கும் சாலை வடக்கே இருக்கிறது. வடக்கு எது என்றுதான் தெரியவில்லை. பறித்த பொன்னிறப் பழங்கள் நிறைந்த இரண்டு வாளிகளோடு, முழங்கால்வரை நனைந்து நிற்கிறாள் இர்யா. அவளுடைய அக்கா ராகேல் கைப்பேசியின் திசைகாட்டியைச் சரிசெய்ய, அதை உயர்த்திப் பிடித்து, காற்றில் எட்டு எட்டாக வரைகிறாள். திரையில் திசைகாட்டி முள் நிற்காமல் சுற்றுகிறது. "கொசு ஓட்டுறியா, வடக்கைத் தேடுறியா? குடு இங்க!" வாளிகளைக் கீழே வைத்துவிட்டு இர்யா பிடுங்கியதும் கைப்பேசி உறையின் மூடி டக்கென்று தானாக ஒட்டிக்கொள்கிறது. "அடிப்பாவி, இதுல காந்தம் இருக்குக்கா!" "அழகா இருந்துச்சேன்னு வாங்கினேன்டி." உறையை உரித்தெறிந்து இர்யா ஒரே ஒரு எட்டுப் போடுகிறாள். முள் தயங்கி நிற்கிறது. ஒரு மணி நேரமாக அவர்கள் நடந்துவந்த வழியையே வடக்கு என்கிறது. ராகேல் வாயைத் திறக்கிறாள். "ஒண்ணும் பேசாத," என்று கனமான வாளி ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டு, வந்த வழியே சேற்றில் இறங்குகிறாள் இர்யா.