கீபோர்டில் ஏதோ கோளாறு

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினான். திரையில் இருந்த படம் மூடிக்கொண்டது.

அவன் மூடச் சொல்லவில்லை. தரைத்தளத்தின் படத்தையும் மாடியின் படத்தையும் அருகருகே நிறுத்தத்தான் அழுத்தினான். சேமிக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு, அவன் படித்து முடிப்பதற்குள் விரல் வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டது.

முக்கால்வாசி வரைந்திருந்த வீடு படிக்கட்டோடு சேர்ந்து போன இடம் தெரியவில்லை.

மறுபடி ஆரம்பித்தான். நான்கு சுவர் எழுப்பி, வாசல் வைத்து, படத்தைத் திரை முழுக்க விரிக்கப் போனான். இந்தத் தடவை திரையே பூட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டது.

பின்னால் நின்றிருந்த மேடம் வந்து பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுப் போனார். கட்டட வரைபடம் போடும் இந்த அலுவலகத்தில் ஆள் எடுப்பதற்குத் தேர்வு வைப்பவர் அவர்தான்.

இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. லீவு என்று வாயெடுத்தாலே, உங்களை விட்டால் ஆளில்லை என்று முதலாளி வாயை அடைத்துவிடுவார். மகள் பிறந்ததைக்கூட அங்கே கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடி போனில்தான் பார்த்தான். பேசாமல் அந்த மிஷினையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்து, சொல்வதையே விட்டுவிட்டாள். இன்றைக்குப் பல்வலி என்று புளுகி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கிளம்பி வந்திருந்தான்.

மூன்றாம் முறை வீடு மறுபடியும் காணாமல் போனது.

"மேடம், இந்தக் கீபோர்டுல ஏதோ கோளாறு."

மேடம் குனிந்து சில விசைகளைத் தட்டினார். படங்கள் அருகருகே வந்து சமர்த்தாக நின்றன. ஒன்று திரை முழுக்க விரிந்தது. கடையிலிருந்து வந்தபடியேதான் இருக்கிறது, இதில் யாரும் கை வைத்ததில்லை என்றார். குரலில் கோபமில்லை. பார்வை மட்டும் அடுத்த ஆள் காத்திருந்த பெஞ்சுக்குப் போய்விட்டது.

கீபோர்டில் ஏதோ கோளாறு.

இதே வார்த்தையை அவன் முன்பே கேட்டிருக்கிறான். சொன்னது முதலாளியின் மச்சான்.

மச்சானை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இவனை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு இவன் செட்டிங்ஸைத் திறந்தான். மூடுகிற விசையை அருகருகே நிறுத்துவதற்கு வைத்தான். பூட்டுகிற விசையை விரிப்பதற்கு வைத்தான். இப்படியே ஒவ்வொன்றையும் இடம் மாற்றி, தன் கைக்கு மட்டுமே அடங்கும் மிஷினாக அதை ஆக்கினான். மச்சான் இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலிக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. இவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

மேடம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் போன் அடித்தது. முதலாளி.

"மாஸ்டர், பல்லை அப்புறம் பாத்துக்கலாம், சீக்கிரம் வாங்க. உங்க சிஸ்டத்துல எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியல."

செட்டிங்ஸின் அடியில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் எல்லா விசைகளும் கடையிலிருந்து வந்தபடி ஆகிவிடும். போனிலேயே சொல்லிவிடலாம். சொன்னால் அந்த நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், இவனைத் தவிர.

"இதோ வந்துட்டேன் சார்."

வராந்தாவில் யாருமில்லை. ஆனாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினான்.