இருவருக்கும் ஒரே மெட்டு

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் செண்பகாவுக்கு ஒன்று விளங்கவில்லை. சித்தி கல்யாணத்தில் பாடுவதற்காக மகள்கள் மதுராவும் இதழியும் ஒரே பாட்டைத்தான் கற்றார்கள். தனித்தனியே பாடினால் பிசகே இல்லை. சேர்ந்து பாடினால் காதைக் குடைந்தது.

"நீதான் தப்பாப் பாடற, குரங்கே!"

"போடி, நீதான்!"

இருவருக்கும் அந்தப் பாட்டைக் கற்றுத்தந்த, பேசும் பாடத்துணைக் கருவியிடமே செண்பகா காரணம் கேட்டாள்.

"ஒவ்வொரு குழந்தைக்கும் பிடித்தபடி மெட்டை மாற்றித் தருகிறேன், அம்மா. கதைகளின் முடிவையும் அப்படித்தான்."

"பிடிச்ச மாதிரி வேணும்னு யாரு கேட்டா? அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து பாட ஒரு பாட்டு கிடையாதா?"

"ஒரு குழந்தைக்கு ஒரு மெட்டு, அம்மா. அதுதான் முறை."

"அப்படியா சேதி!"

செண்பகா கருவியில் ஆளுக்கொன்றாக இருந்த இரண்டு பெயர்ப் பதிவுகளையும் அழித்துவிட்டு, மகள்கள் இருவரையும் ஒரே குழந்தையாகப் பதிவு செய்தாள். ஒரே மெட்டு வந்தது. இருவரும் சேர்ந்து பாடினார்கள்.